பெயர் இருக்கிறது, காரணம் இல்லை: நாவலுக்குக் கரு எங்கே கிடைக்கிறது?

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டு, ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2ஆம் ஆண்டில் அந்த ஊர்ச் சபைக்கு வந்த அரச ஆணையைப் பேசுகிறது. விஷயம் என்னவோ நிலம்தான். பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகளின் நிலம், அவர்களுடைய உறவுக்காரர்களின் நிலம், அதைப் பறித்து விற்பது. போகிற போக்கில் பெயர்களும் வந்துவிடுகின்றன: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்லிலேயே இருக்கிறது. ஏன் கொன்றார்கள், யார் சொல்லிக் கொன்றார்கள், எந்த ஊரில், எந்த இரவில்? அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் மழுப்பலாகப் பேசுகிறது. சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையில் ஆதித்தன் மறைந்தானாம். குடிமக்கள் அவன் தம்பி அருண்மொழியை, அதாவது பின்னாள் ராஜராஜனை, அரசனாகச் சொல்லிக் கேட்டார்களாம். சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்தானாம். அந்தச் சிற்றப்பன்தான் உத்தம சோழன். அவன் சுமார் 15 ஆண்டு ஆண்டு முடித்த பிறகுதான் கொலைகாரர்களின் நிலத்தில் கை வைக்கப்படுகிறது. வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரிக்கு இதில் உத்தம சோழன் மேலேயே சந்தேகம். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஆதாரம் இருவருக்கும் ஒன்றுதான், முடிவு மட்டும் வேறு.

இந்த இடைவெளிக்குள்தான் கல்கி புகுந்தார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமாக விரிந்தது. அதன் நாயகனுக்குக் கிடைத்த ஆதாரம் இன்னும் சிறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையைக் குறிப்பிடும்போது, ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்கிறது. அவர் குந்தவையின் கணவர் என்பதைத் தாண்டி அந்த வரியில் ஒன்றும் இல்லை. இளவரசியின் கணவர் பெயர் ஒன்று, மேலே எழுத வெற்றுத்தாள்! குதிரையில் ஏறி, வீராணம் ஏரிக்கரையோரம் ஆடிப்பெருக்கு பார்த்தபடி வரும் அந்த வாயாடி இளைஞன் அதிலிருந்து பிறந்தவன். நந்தினியோ முழுக்கக் கற்பனை. இத்தனைக்குப் பிறகும், கரிகாலன் செத்த நேரத்தில் கத்தி யார் கையில் இருந்தது என்பதைக் கல்கி அடித்துச் சொல்லாமலே விட்டார். கெட்டிக்காரர்.

எழுத்தாளர் எங்கே மேடையேறினாலும், கேள்வி நேரத்தில் மைக் கைமாறியதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “சார், உங்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்குது?” எழுத்தாளர்கள் இதற்கு ஒழுங்கான பதில் சொல்வதில்லை. அனுபவம் என்பார்கள், வாசிப்பு என்பார்கள், கொஞ்சம் குறும்புக்காரராக இருந்தால் மளிகைக் கடையில் கால் கிலோ வாங்கினேன் என்பார். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கேள்வியே, கரு ஏதோ ஓரிடத்தில் முழுசாகக் கிடப்பதாகவும் எழுத்தாளர் போய் எடுத்து வருவதாகவும் நினைத்துக் கேட்கப்படுகிறது. நாவல்கள் பிறந்த கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் கதை இல்லை, கதையில் உள்ள ஓட்டை. தகவல் எங்கே நின்றுபோகிறதோ அங்கே நாவல் தொடங்குகிறது. எல்லா விவரமும் கிடைத்துவிட்டால் அதைச் செய்தியாகவோ வரலாறாகவோ எழுதிவிட்டுப் போகலாமே.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’வைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், ரயில் முன் விழுந்த ஒரு பெண்ணைப் பார்த்து அவர் அதை எழுதினார் என்பார்கள். உண்மைதான், ஆனால் கால்வாசி உண்மை. 1872 ஜனவரியில், டால்ஸ்டாயின் பண்ணையான யாஸ்னயா பொல்யானாவுக்குப் பக்கத்தில் உள்ள யாசென்கி ரயில் நிலையத்தில் அன்னா பிரகோவா என்ற பெண் சரக்கு ரயிலின் அடியில் விழுந்து உயிரை விட்டாள். பக்கத்துப் பண்ணைக்காரர் பிபிகோவின் வீட்டை நிர்வகித்துக்கொண்டு, அவரோடு வாழ்ந்தவள் அவள். பிபிகோவின் மனம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியை பக்கம் திரும்பிவிட்டது. பிரேதப் பரிசோதனை நடந்த இடத்துக்கு டால்ஸ்டாய் போய் அந்த உடலைப் பார்த்தார். அது அவரை வெகுவாக உலுக்கிவிட்டதாக மனைவி சோஃபியா எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் பார்த்துவிட்டு வந்து அவர் எழுத உட்காரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ருஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் காலத்தைப் பற்றிய ஒரு வரலாற்று நாவலோடுதான் அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது எத்தனை முறை தொடங்கியும் ஓடவில்லை. அப்புறம் 1873 மார்ச்சில், வீட்டில் கிடந்த, ருஷ்யக் கவி புஷ்கினின் உரைநடைத் தொகுதி ஒன்றைப் புரட்டினார். விருந்தினர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்று முன்னுரை எதுவும் இல்லாமல் தொடங்கும் ஒரு முடிக்கப்படாத துண்டு கண்ணில் பட்டது. கதையை இப்படியல்லவா தொடங்க வேண்டும் என்று தோன்ற, அன்றைக்கே எழுத ஆரம்பித்தார்.

இதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. 1870இலேயே, உயர்குடியில் பிறந்து மணமாகித் தடம் புரண்ட ஒரு பெண்ணை எழுத வேண்டும், அவளைக் குற்றவாளியாக அல்ல, பரிதாபத்துக்கு உரியவளாகக் காட்ட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். ஆக, பெண்ணைப் பற்றிய எண்ணம் ரயிலுக்கு இரண்டு வருஷம் முந்தையது. முகம் வேறெங்கிருந்தோ வந்தது: துலா நகரில் ஒரு விருந்தில் பார்த்த, புஷ்கினின் மகள் மரியா ஹார்ட்டுங்கின் தோற்றம். கழுத்தில் புரளும் சுருள்முடி வரைக்கும் அங்கிருந்து எடுத்தது. பிபிகோவின் வீட்டு அன்னாவிடமிருந்து நாவலுக்குப் போனது பெயரும் சாவும்தான். அவள் உயர்குடிக்காரி இல்லை, அவளுக்கு நாவலில் வரும் கரேனினைப் போல ஒரு கணவனும் இல்லை, பிரிய வேண்டிய மகனும் இல்லை. அந்த மேசையின் மேல் கிடந்த உடல் டால்ஸ்டாய்க்கு ஒரு முடிவை மட்டும் கொடுத்தது. அந்த இடத்துக்கு ஒரு பெண் எப்படி நடந்து வந்து சேர்வாள் என்பதற்கு அந்த அறையில் விடை இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எட்டுப் பகுதிகள் ஆயின.

வெளியே ஒரு துர்ச்சம்பவம், உள்ளே பழையதாகக் கிடந்த ஓர் எண்ணம், இரண்டையும் உரசவைக்கத் தற்செயலாக வந்த மூன்றாவது. பல நாவல்களுக்குப் பின்னால் இந்தக் கூட்டு இருக்கிறது. நேர்காணலில் கேட்டால் மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள், பெரும்பாலும் பார்க்கக் கவர்ச்சியாக இருப்பதை.

ஹென்றி ஜேம்ஸ் இதில் ஒரு படி மேலே போனார். 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். கணவன் இறந்ததும் வீடும் அருமையான மரச்சாமான்களும் மகனுக்குப் போக, தாய்க்கும் மகனுக்கும் அடிதடியாகிக் கிடக்கிறதாம். ஜேம்ஸுக்கு அவ்வளவு போதும். அந்தப் பெண்மணி உற்சாகமாக மேலே என்ன நடந்தது என்று விவரிக்க ஆரம்பித்ததும் இவருக்குச் சங்கடம். வாழ்க்கை தன் கதையை எப்போதும் அசட்டுத்தனமாகத்தான் கொண்டுபோய் முடிக்கிறது, முதல் பத்துச் சொல்லோடு நிறுத்தியிருக்கலாமே என்று பின்னாளில், அதிலிருந்து பிறந்த ‘தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் பாய்ன்டன்’ நாவலின் முன்னுரையில் எழுதினார். நம் ஊரில் யாராவது ஒரு குடும்பச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் நாம் “அப்புறம்? அப்புறம்?” என்போம். அவர் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார்!

இது வெறும் விசித்திரம் இல்லை என்பதற்கு டோனி மோரிசன் சாட்சி. நாவலாசிரியராகப் பெயர் எடுப்பதற்கு முன்பிருந்தே அவர் நியூயார்க்கில் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் எடிட்டர். கறுப்பின மக்களின் வரலாற்றைப் பழைய புகைப்படம், விளம்பரம், பத்திரிகைத் துண்டு என்று திரட்டித் தரும் ஒரு தொகுப்பு நூலை 1974இல் அங்கே கொண்டுவந்தார். அதற்காகச் சேர்ந்த காகிதங்களில் 1856ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருந்தது. கென்டக்கியில் அடிமையாக இருந்த மார்கரெட் கார்னர், குடும்பத்தோடு உறைந்த ஒஹாயோ நதியைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்புகிறாள். பிடிக்க ஆட்கள் வந்து வீட்டைச் சூழ்ந்ததும், அடிமையாகத் திரும்பிப் போவதைவிடச் சாவு மேல் என்று தன் பெண் குழந்தையைக் கொன்றுவிடுகிறாள். சிறையில் அவளைப் போய்ப் பார்த்தவர் எழுதிய செய்தி அது. அவள் பித்துப் பிடித்தவளாக இல்லை, நிதானமாகப் பேசினாள் என்று அதில் இருந்தது.

மோரிசனைப் பிடித்துக்கொண்டது அந்த நிதானம்தான். ‘பிலவ்ட்’ வெளிவந்தது 1987இல். இடையில் 13 ஆண்டுகள். அடிமை முறையைப் பற்றி, அந்தக் காலத்து வாழ்க்கையைப் பற்றி நிறையத் தேடிப் படித்தார். மார்கரெட் கார்னரைப் பற்றி மட்டும் அதற்கு மேல் தெரிந்துகொள்ள மறுத்துவிட்டார், அவள் வாழ்க்கையைத் தானே படைக்க வேண்டும் என்பதற்காக. வரலாற்றில் கார்னர் மீது கொலை வழக்கு நடக்கவே இல்லை. தப்பியோடிய அடிமைகளுக்கான சட்டத்தின்கீழ் உடைமையாகக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் டைஃபாய்டில் இறந்தாள். நாவலின் நாயகி ஸெதே (Sethe) தண்டனை முடிந்து அதே ஊரில், அதே வீட்டில் வாழ்கிறாள், கொன்ற குழந்தை திரும்பி வருகிறது. வழக்கு விவரம் முழுக்கத் தெரிந்திருந்தால், அந்த வீட்டு வாசலில் அந்தக் குழந்தை வந்து நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு நேர் எதிராக நடந்தவர் ராஜம் கிருஷ்ணன். தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதுவேன் என்று கிளம்பியவர். 1925இல் முசிறியில் பிறந்தவர், சின்ன வயசிலேயே கல்யாணம், கல்லூரி வாசல் மிதிக்காதவர். கணவர் மின்துறைப் பொறியாளர். மாற்றல் உத்தரவு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே குடும்பமும் போகும். அப்படி நீலகிரியில் இருந்த காலம்தான் படகர் வாழ்க்கையை வைத்து எழுதிய ‘குறிஞ்சித் தேன்’ ஆயிற்று. ஒரு எழுத்தாளரின் கரு மின்வாரிய மாற்றல் உத்தரவில் வந்தது என்று சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

அதற்குப் பிறகு உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, தானே போனார். மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’, தஞ்சை வயல்களில் உழைப்பவர்களைப் பற்றிச் ‘சேற்றில் மனிதர்கள்’, சிவகாசியில் வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிக் ‘கூட்டுக் குஞ்சுகள்’. உப்பள நாவலைப் புரட்டினால் அவர் அங்கே சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரவில்லை என்பது சொற்களிலேயே தெரியும். அளம், பாத்தி, தெப்பம், நஞ்சோடை என்று அங்கே புழங்கும் பேச்சு அப்படியே வருகிறது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை என்ன செய்யும், நாள் முழுக்க உப்புநீரில் நிற்கும் கால் என்ன ஆகும் என்பதெல்லாம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. சேகரித்தது அத்தனையையும் எங்கேயாவது வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவருடைய சில நாவல்களில் தெரிகிறது. பாத்திரம் பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று கூலி விவரமும் சங்க விவகாரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் ருசிக்கு, தகவல் குறைவாகக் கிடைத்த இடத்தில் அவர் இன்னும் நன்றாக எழுதினார். ‘பாதையில் பதிந்த அடிகள்’ அப்படி ஒன்று. மணலூர் மணியம்மை பிராமணக் கைம்பெண். தலைமுடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டி கட்டிக்கொண்டு, கீழத்தஞ்சையில் பண்ணையாள்களைத் திரட்டியவர். மான் ஒன்று முட்டி இறந்துபோனார். மான் முட்டியா ஒருத்தர் சாவார் என்று ஊர் சந்தேகப்பட்டது. எழுத்தில் அதிகம் இல்லாத அந்த வாழ்க்கையை, நினைவிருந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டுக் கேட்டு ராஜம் கிருஷ்ணன் எழுதினார்.

‘அலைவாய்க் கரையில்’ காட்டிய அதே தென்கடற்கரையைக் கால் நூற்றாண்டு கழித்து, 2004இல், உள்ளே பிறந்த ஒருவர் எழுதினார். உவரிக்காரரான ஜோ டி குரூஸ் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். ‘ஆழிசூழ் உலகு’க்கு அவர் போய்த் தகவல் திரட்ட வேண்டியிருக்கவில்லை, சொல் எல்லாம் வாயில் இருந்தது. உடைந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேரிலிருந்து அந்த நாவல் தொடங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், வெளியிலிருந்து வந்தவர் எதையெல்லாம் விளக்குகிறார், உள்ளே இருப்பவர் எதையெல்லாம் விளக்காமலே போகிறார் என்பது பளிச்சென்று தெரியும்.

தேடியும் போகாமல், பிறந்தும் வளராமல், பார்க்கும் வேலையே கருவைக் கொண்டுவந்து கொட்டுவதும் உண்டு. பி.எச். டேனியல் 1940களில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மருத்துவராகப் போனவர். நோயாளிகள் டாக்டரிடம் உடம்பைப் பற்றி மட்டுமா பேசுவார்கள்? வயசான தொழிலாளிகள் சொன்னது அவர் அங்கே வருவதற்கு முந்தைய காலம்: கங்காணி முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்தது, மலையேறியதும் தீராத கடன், குளிரும் மலேரியாவும் அள்ளிக்கொண்டு போன உயிர்கள். 1969இல் அதை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் வந்தது. டாக்டர் பார்த்தது நோய், கேட்டது கதை. இரண்டுக்கும் நடுவே இருந்த இருபது வருஷத்தைத்தான் அவர் எழுதி நிரப்ப வேண்டியிருந்தது.

அசோகமித்திரனின் கதை இன்னும் வேடிக்கை. 1952 முதல் 1966 வரை அவர் ஜெமினி ஸ்டுடியோவில் இருந்தார். அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களை வெட்டி விஷயவாரியாக ஃபைலில் ஒட்டி வைப்பது. நாள் முழுக்க பேப்பரைக் கிழித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் சும்மா இருப்பவனாகத்தானே தெரியும்? அதனால் ஸ்டுடியோவில் மனக்குறை உள்ள ஒவ்வொருவரும் அவருடைய சின்ன அறைக்குள் நுழைந்து, இவனுக்காவது நாலு விஷயம் சொல்லுவோம் என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போனார்களாம். ஜெமினி நாட்களைப் பற்றிப் பின்னால் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதை அவருக்கே உரிய பாவமான முகத்தோடு சொல்கிறார். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல இருக்கை எங்கே கிடைக்கும்!

அங்கிருந்து வெளியே வந்த பிறகு எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ சினிமா நாவல்தான், ஆனால் அதில் நட்சத்திரத்தின் பளபளப்பைத் தேடினால் கிடைக்காது. புரொடக்‌ஷன் மேனேஜர், உதவி இயக்குநர் என்று ஓரத்து ஆட்கள் ஒவ்வோர் அத்தியாயத்திலும் வந்துவிட்டு மறைந்துபோகிறார்கள். ஒருத்தருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது இன்னொரு அத்தியாயத்தில் யாரோ சொல்லும் அரை வரியில் வரும், வராமலும் போகும். அந்த அறைக்குள் வந்து புலம்பிவிட்டுப் போனவர்களை அவர் பார்த்ததும் அப்படித்தானே. சொந்த அனுபவத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது சம்பவங்கள் மட்டுமில்லை, பார்க்கும் கோணமும்தான். செகந்திராபாதில் கழிந்த பிள்ளைப் பருவத்தை, நிஜாமுக்கு ஆதரவான ரஜாக்கர் படையின் காலத்தை ‘18வது அட்சக்கோடு’ என்று எழுத அவருக்கு முப்பது வருஷம் தேவைப்பட்டது. சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை ‘தண்ணீர்’ ஆக்க அவ்வளவு நாள் பிடிக்கவில்லை. குடத்தோடு தெருவில் நின்ற காலத்திலேயே எழுதிவிட்டார். சொந்த வாழ்க்கை எப்போது கருவாகப் பழுக்கும் என்பதற்குக் கணக்கு ஒன்றும் இல்லை.

நினைவிலிருந்து எழுதியவர்களில் எனக்குப் பெரிய வியப்பு ப. சிங்காரம்தான். சிங்கம்புணரிக்காரர். 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகரத்து வட்டிக்கடையில் வேலைக்குப் போனார். யுத்தம், ஜப்பானியர் ஆட்சி எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்தார். 1946இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்தார். அந்த எட்டு வருஷத்திலிருந்து ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்று இரண்டு நாவல்கள். இரண்டாவது அச்சாகி வந்தது 1972இல். அதில் நாயகன் பாண்டியன் மேடானிலும் பினாங்கிலும் அலைந்துகொண்டு, மதுரைத் தெருக்களை நினைத்து உருகுகிறான். எழுதியவரோ மதுரையில் உட்கார்ந்துகொண்டு மேடானை நினைக்கிறார். கையில் இருக்கும் ஊரைப் பற்றி எழுதுவதில் அவருக்கு ருசி இல்லை போலிருக்கிறது. இல்லாத ஊர்தான் வேண்டும். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தும் வேறு நாவல் எழுதவில்லை.

வாய்மொழியாக வந்ததை எடுத்தவர்கள் இன்னொரு வகை. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அவருடைய சமூகத்துப் பாட்டிகள் சொல்லி வந்த கதையில் நிற்கிறது. ஓர் அழகான பெண்ணை ராஜா கேட்டுவிட்டான், ராவோடு ராவாகத் தெலுங்கு நாட்டை விட்டுத் தெற்கே ஓடிவந்தோம் என்ற கதை. பாட்டி சொன்ன அதிசயங்களைப் படித்தவர்கள் முன் கூச்சப்பட்டு வெட்டாமல், சொல்லும் பாட்டியையும் நாவலுக்குள் உட்காரவைத்துவிட்டார் கி.ரா. இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது, வாய்மொழிக் கதை இன்னொரு நாவலுக்குக் கொண்டுவந்த தொல்லையைப் பார்த்தால் புரியும். பெருமாள்முருகன் திருச்செங்கோட்டில் தகவல் திரட்டியபோது ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்று சிலரைச் சொல்வதைக் கவனித்தார். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’, பிள்ளையில்லாத பெண் ஒருத்தி தேர்த் திருவிழா இரவில் வேற்று ஆண் மூலம் பிள்ளை தேடிப் போகும் கதையாக, அதிலிருந்து விரிந்தது. நாலு வருஷம் கழித்து எதிர்ப்பு கிளம்பியபோது ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். எழுதுவதையே நிறுத்துவதாக அவர் அறிவிக்க வேண்டி வந்தது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓட்டையை நிரப்பினால் ஊர் கொண்டாடுகிறது. பாட்டன் காலத்து ஓட்டையைத் தொட்டால் அதே ஊர் பத்திரம் கேட்கிறது.

கனவில் வந்தது, திடீரென்று மின்னியது என்ற வகையை நான் அதிகம் நம்புவதில்லை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிறந்த கதையில்கூட, 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் மேரி ஷெல்லி கண்ட காட்சிக்கு முன்னால், செத்த உடம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சி அசையவைக்க முடியுமா என்று அந்த வீட்டில் நாள்கணக்கில் பேச்சு ஓடியிருக்கிறது. முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவில் அந்தக் கோடையே கெட்டுப்போய் ஓயாத மழை. வெளியே போக வழியில்லை. பேயும் பிணமும் பேசிப் பேசிப் படுத்தால் வேறென்ன கனவு வரும்?

கடைசியாக, யாரும் மேடையில் ஒப்புக்கொள்ளாத ஊற்று ஒன்று உண்டு: கெடு. தமிழில் எத்தனையோ நாவல்கள், அடுத்த வாரம் முதல் புதிய தொடர் என்று பத்திரிகை தலைப்போடு விளம்பரம் போட்ட பிறகு கதை தேடப்பட்டவை. தலைப்பு அச்சாகிவிட்டது, ஓவியருக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் அத்தியாயம் போக வேண்டும். அப்போது எங்கிருந்தோ வந்துவிடும். அந்த எங்கிருந்தோ என்பது, எப்போதோ மனதில் போட்டு வைத்து மறந்ததுதான்.

தஸ்தயேவ்ஸ்கிக்கு நடந்தது இதன் உச்சம். கடன் கழுத்தை நெரிக்க, ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் ஒன்று தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 9 வருஷம் அவர் எழுதுவதை எல்லாம் பைசா கொடுக்காமல் ஸ்டெல்லோவ்ஸ்கி அச்சடித்துக்கொள்ளலாம். ‘குற்றமும் தண்டனையும்’ அப்போது பத்திரிகையில் தொடராக ஓடிக்கொண்டிருந்தது, அதை விட்டு நகர முடியவில்லை. அக்டோபர் பிறந்தபோது புது நாவலில் ஒரு வரிகூட இல்லை. ஆளுக்கொரு பகுதி எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்று நண்பர்கள் சொன்னதை மறுத்துவிட்டார். சுருக்கெழுத்து தெரிந்த அன்னா ஸ்னீட்கினா என்ற 20 வயதுப் பெண் வேலைக்கு வந்தாள்.

கதை? அது 1863இலேயே இருந்தது. வெளிநாட்டில் சூதாட்ட மேசையே கதி என்று கிடக்கும் ஒரு ருஷ்யனைப் பற்றி எழுதப்போவதாக அந்த வருஷமே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சூதாட்ட மேசை அவருக்குக் கேள்விஞானம் இல்லை, கைக்காசைக் கொட்டிப் படித்த பாடம். நாவலில் வரும் பொலினாவின் பெயர்கூட, அவரை ஆட்டிப் படைத்த காதலியிடமிருந்து வந்தது. மூன்று வருஷம் இத்தனையும் கையில் இருந்தும் எழுதாதவர் இப்போது சொல்லச் சொல்ல, அன்னா 26 நாளில் எழுதி முடித்தார். கைப்பிரதியைக் கொடுக்கப் போனால் பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லை. கடையில் இருந்தவர் வாங்க மறுத்துவிட்டார். கெடு முடியச் சில மணி நேரம் இருக்கும்போது தஸ்தயேவ்ஸ்கி ‘சூதாடி’யைப் போலீஸ் நிலையத்துக்கு எடுத்துப் போய், அங்கே ஒப்படைத்துத் தேதி போட்டு ரசீது வாங்கிக்கொண்டார்.